சாதன இயக்கிகளின் தொடக்க வரிசை

சாதன இயக்கிகளின் தொடக்க வரிசை என்பது, ஒரு கணினி உயிர்பெறும்போது அதன் வன்பொருள்களை இயக்கும் மென்பொருள்கள் எந்த வரிசையில் தம் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முறையாகும். ஒரு சாதனம் இயங்க மற்றொரு சாதனம் தரும் மின்சாரமோ, கடிகாரத் துடிப்போ, தரவுத் தடமோ தேவைப்படும்போதுதான் இக்கேள்வி எழுகிறது. மேசைக் கணினியில் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் பயாஸ் மென்பொருளே தீர்த்துவிடுவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. அலைபேசி, வாகனக் கட்டுப்பாட்டுப் பெட்டி, தொழிற்கூடக் கருவி போன்ற உட்பொதி அமைப்புகளில் இது அன்றாடச் சிக்கல்.

நாமக்கல் மாவட்டத்தின் முட்டைக் கோழிப் பண்ணைகளில் பக்கங்கள் திறந்த பழைய கொட்டகைகளோடு, வெப்பநிலையைக் கருவியால் கட்டுப்படுத்தும் மூடிய கொட்டகைகளும் இப்போது உள்ளன. இவற்றின் ஒரு முனையில் ஈரத் திரைகளும் மறுமுனையில் பெரிய வெளியேற்று விசிறிகளும் இருக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய கொட்டகையில் விசிறி நின்றால் சில மணி நேரம்கூடத் தாங்காது. மின்தடைக்குப் பின் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியும் கட்டுப்பாட்டுப் பெட்டி எழாமல் கிடந்தால், அது வெறும் மென்பொருள் பிழையாக நின்றுவிடாது.

அத்தகைய பெட்டி ஒன்றில் லினக்ஸ் ஓடும் சிறிய கணினிப் பலகை இருப்பதாகக் கொள்ளலாம். விசிறியின் ரிலேவை இயக்குவது, பலகையில் தனியே உள்ள உள்ளீடு-வெளியீட்டு விரிவாக்கச் சில்லு. அந்தச் சில்லு ஐ2சி எனும் இருகம்பித் தடத்தில் தொங்குகிறது. அதற்கு 3.3 வோல்ட் தருவது ஒரு மின் மேலாண்மைச் சில்லு. அதுவும் அதே ஐ2சி தடத்தில்தான் இருக்கிறது. ஐ2சி கட்டுப்படுத்தி வேலை செய்ய, முதன்மைச் சில்லின் கடிகாரப் பகுதி துடிப்புத் தர வேண்டும். கால்களை எந்தப் பணிக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்யும் பின் கட்டுப்படுத்தியும் தயாராக இருக்க வேண்டும். ஆக ஒரு விசிறி சுழல்வதற்குள் ஐந்தாறு இயக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தாக வேண்டும். இடையில் ஒன்று முந்திக்கொண்டால், தன் கீழுள்ளதைத் தேடிப் பார்த்து, 'சாதனம் இல்லை' என்று முடிவுகட்டித் தோல்வியோடு திரும்பிவிடும்.

மென்பொருள்களுக்கு இடையிலான சார்பு வேறு, வன்பொருள்களுக்கு இடையிலான சார்பு வேறு. புதிதாக இயக்கி எழுதப் பழகுவோர் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். ஒரு மாட்யூல் மற்றொரு மாட்யூலின் செயற்கூறை அழைத்தால், அதை டெப்மாட் கருவி கண்டறிந்து வரிசைப்படுத்தித் தந்துவிடும். ஆனால் விரிவாக்கச் சில்லின் இயக்கி, மின் மேலாண்மைச் சில்லின் இயக்கியை நேரடியாக அழைப்பதே இல்லை. இரண்டும் கெர்னலின் பொதுவான சீராக்கிச் சட்டகத்தோடு மட்டுமே பேசுகின்றன. எந்தப் பலகையில் எந்தச் சில்லு எதற்கு மின்சாரம் தருகிறது என்பது நிரலில் இல்லை. பலகையின் செப்புத் தடங்களில் இருக்கிறது.

தொடக்க அழைப்பு நிலைகள்

லினக்ஸின் பழைய விடை 'இனிட்கால்' எனப்படும் தொடக்க அழைப்பு நிலைகள். கெர்னலோடு சேர்த்தே கட்டப்படும் ஒவ்வொரு இயக்கியும், தான் எந்த நிலையில் அழைக்கப்பட வேண்டும் என்று பதிவு செய்துகொள்கிறது. கோர், போஸ்ட்கோர், ஆர்ச், சப்சிஸ், எஃப்எஸ், டிவைஸ், லேட் என இந்நிலைகள் முறையாக வரும். சாதாரண இயக்கிகள் எல்லாம் டிவைஸ் நிலையில் சேரும். ஒரே நிலைக்குள் எது முதலில் என்பதை, நிரல் கோப்புகள் இணைக்கப்படும் வரிசை தீர்மானிக்கிறது. அதாவது மேக்ஃபைலில் ஒரு வரி மேலே இருந்தால் முன்னர், கீழே இருந்தால் பின்னர். இன்றைக்கும் கெர்னலின் இயக்கிகள் அடைவில் உள்ள மேக்ஃபைலைத் திறந்தால், பின் கட்டுப்படுத்திக்குப் பிறகே உள்ளீடு-வெளியீட்டுக் கால்களின் பகுதி வர வேண்டும் என்று காரணத்தோடு எழுதிய குறிப்பைக் காணலாம்.

ஒரு பலகைக்கு ஒரு கெர்னல் என்றிருந்த காலத்தில் இது போதுமானதாக இருந்தது. சிக்கல் வந்தால் பொறியாளர் ஓர் இயக்கியை டிவைஸ் நிலையிலிருந்து சப்சிஸ் நிலைக்கு உயர்த்துவார். அங்கே மோதினால் ஆர்ச் நிலைக்கு. எல்லோரும் முன்வரிசைக்கு நகர்ந்தால் முன்வரிசை என்ற ஒன்றே இல்லாமல் போகும். மேலும் ஒரு பலகையில் மின் மேலாண்மைச் சில்லு ஐ2சி தடத்தில் இருக்கும். இன்னொன்றில் எஸ்பிஐ தடத்தில் இருக்கும். முதல் பலகைக்குச் சரியான வரிசை இரண்டாவதற்குத் தவறு. 2011-இல் ஏஆர்எம் பலகைகளுக்கான நிரல் கட்டுக்கடங்காமல் பெருகுவதாக லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். பலகையின் விவரங்களை நிரலிலிருந்து பிரித்து 'டிவைஸ் ட்ரீ' எனும் சாதன மரத் தரவுக் கோப்பில் எழுதும் முறைக்கு ஏஆர்எம் உலகம் வேகமாக மாறியது அதன் பிறகுதான். ஒரே கெர்னல் பல பலகைகளில் ஓட வேண்டும் என்றானதும், வரிசையை முன்கூட்டியே நிரலில் எழுதிவைப்பது இயலாத காரியமாயிற்று.

இடையில் சிலர் கண்ட குறுக்குவழி, காத்திருப்பு நேரம் வைப்பது. 'இரண்டு நொடி பொறுத்துப் பிறகு முயல்க' என்று எழுதிவிடுவது. மின்சாரம் திரும்பியதும் சிறிது தாமதித்து மோட்டாரைக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போன்றது இது. ஸ்டார்ட்டருக்கு அது பொருந்தும். மூன்று முனையும் வந்து மின்னழுத்தம் நிலைபெறச் சிறிது நேரம் வேண்டும் என்பதே அங்குள்ள தேவை. இயக்கிகளில் தேவைப்படுவது நேரம் அன்று, ஒரு நிலைமை. இரண்டு நொடி இன்றைய பலகையில் மிகையாகவும், நாளை மெதுவான நினைவக அட்டை போட்ட பலகையில் போதாமலும் இருக்கும். சோதனைக்கூடத்தில் ஒருபோதும் தோற்காமல் களத்தில் நூற்றில் ஒருமுறை தோற்கும் பிழைகள் பல இப்படிப் பிறந்தவையே.

தள்ளிவைத்த முயற்சி

கிராண்ட் லைக்லி முன்வைத்து, 2012-இல் வெளியான லினக்ஸ் 3.4 பதிப்பில் சேர்ந்த 'டிஃபர்டு புரோப்' முறை வேறொரு கோணத்தில் சிக்கலை அணுகியது. வரிசையை யாரும் முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஓர் இயக்கி தன் சாதனத்தைப் பற்ற முயலும்போது, தேவையான மின்சாரமோ கடிகாரமோ இன்னும் வரவில்லை என்றால், 'இ-புரோப்-டிஃபர்' என்ற பிழை எண்ணைத் திருப்ப வேண்டும். அதன் மதிப்பு 517. இதைக் கண்ட கெர்னல் அந்தச் சாதனத்தைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கிறது. வேறு எந்த இயக்கியாவது வெற்றிகரமாகத் தன் சாதனத்தைப் பற்றியதும், பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மறுபடியும் ஒரு வாய்ப்புத் தரப்படுகிறது. கோழிக் கொட்டகைப் பெட்டியில் ரிலே இயக்கி முதலில் ஓடினாலும் கெடுதி இல்லை. விரிவாக்கச் சில்லு இன்னும் இல்லை என்று திரும்பும், பிறகு வரும். சுற்றுச் சார்பு இல்லாதவரை, தேவையான எல்லா இயக்கிகளும் இருந்தால், எந்த வரிசையில் தொடங்கினாலும் முடிவில் எல்லாம் எழுந்துவிடும்.

எளிமைதான் இதன் வலிமை, பலவீனமும் அதுவே. நீண்ட சார்புச் சங்கிலியில் கடைசிச் சாதனம் பலமுறை முயன்று திரும்புகிறது. ஒவ்வொரு முயற்சியும் நேரத்தைத் தின்னும். இதைவிடத் தொல்லையானது, 'இன்னும் வரவில்லை' என்பதையும் 'ஒருபோதும் வராது' என்பதையும் 517 என்ற எண்ணால் வேறுபடுத்த முடியாதது. டிவைஸ் ட்ரீயில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலோ, தேவையான இயக்கியைக் கெர்னலில் சேர்க்க மறந்தாலோ, சாதனம் சத்தமே இல்லாமல் பட்டியலில் காத்துக் கிடக்கும். பதிவேட்டில் ஒரு பிழைச் செய்தியும் இராது. இதற்காகவே டிபக்எஃப்எஸ் அடைவில் 'டிவைசஸ்_டிஃபர்டு' என்ற கோப்பு தரப்பட்டுள்ளது. யார் யார் காத்திருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். 2020-இல் வந்த 'டெவ்_எர்_புரோப்' என்ற துணைச் செயற்கூறு, எதற்காகக் காத்திருக்கிறது என்ற காரணத்தையும் அங்கே பதிந்துவைக்கிறது. களத்தில் ஒரு பலகை எழவில்லை என்றால் முதலில் திறக்க வேண்டிய கோப்பு இதுதான்.

இந்த முறைக்கு இயக்கி எழுதுபவரும் ஒழுங்காக ஒத்துழைக்க வேண்டும். தேவையான வளங்கள் அனைத்தையும் முதலில் கேட்டுப் பெற்று, பிறகே வன்பொருளைத் தொட வேண்டும். பாதி வேலையைச் செய்துவிட்டு 517 என்று திரும்பினால், செய்ததை எல்லாம் அவிழ்த்தாக வேண்டும். ஒரு விபரீதமான நிலை உண்டு. தாய்ச் சாதனத்தின் இயக்கி, தன் குழந்தைச் சாதனங்களைப் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு 'காத்திருக்கிறேன்' என்று திரும்புகிறது. அந்தக் குழந்தைகளில் ஒன்று வெற்றிகரமாகப் பற்றப்பட்டதால் கெர்னல் காத்திருப்போரை மீண்டும் எழுப்புகிறது. தாய் மறுபடி முயல்கிறது, குழந்தையை மறுபடி பதிவு செய்கிறது, மறுபடி திரும்புகிறது. முடிவே இல்லாத சுழற்சி. இதைச் செய்யக் கூடாது என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது.

சாதன இணைப்புகள்

தொடங்கும் வரிசை தெரிந்தால் மட்டும் போதாது. உறங்கும் வரிசையும் வேண்டும். கணினி உறக்கநிலைக்குப் போகும்போது, மின்சாரம் பெறுபவர் முதலில் உறங்க வேண்டும், தருபவர் கடைசியில். எழும்போது நேர்மாறு. லினக்ஸ் நெடுங்காலம் தாய்-சேய் உறவை மட்டுமே கொண்டு இதைக் கணித்தது. ஐ2சி தடம் தாய், அதில் தொங்கும் சில்லு சேய். ஆனால் மின்சாரம் தரும் சீராக்கி இந்த மரத்தில் எங்கோ வேறு கிளையில் இருக்கும். ரஃபாயேல் வைசாக்கி எழுதி, 2017 தொடக்கத்தில் வெளியான 4.10 பதிப்பில் வந்த 'டிவைஸ் லிங்க்' இந்த இடைவெளியை நிரப்பியது. வழங்குபவர், பெறுபவர் என்று இரு சாதனங்களை வெளிப்படையாக இணைத்துவிட்டால், தொடக்கம், உறக்கம், எழுச்சி, நிறுத்தம், இயக்கியை நீக்குதல் ஆகிய எல்லாவற்றிலும் கெர்னல் அந்த வரிசையைக் காக்கும். வழங்குபவரின் இயக்கியைக் கழற்ற முயன்றால், பெறுபவர் முதலில் கழற்றப்படுவார்.

இந்த இணைப்புகளை ஒவ்வோர் இயக்கியும் கையால் எழுத வேண்டியிருந்தது. சார்பு விவரமோ டிவைஸ் ட்ரீயில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 'இந்தச் சில்லுக்கு மின்சாரம் அந்தச் சீராக்கியிலிருந்து' என்று சுட்டுக்குறியோடு அங்கேயே இருக்கிறது. அதைக் கெர்னலே படித்து இணைப்புகளை உருவாக்கிக்கொள்ளட்டும் என்பது கூகுளின் ஆண்டிராய்டு குழுவில் பணியாற்றிய சரவணா கண்ணன் எழுதிய 'எஃப்டபிள்யூ_டெவ்லிங்க்' ஏற்பாடு. இதன்படி, வழங்குபவர் தயாராகும் வரை பெறுபவரின் இயக்கி அழைக்கப்படுவதே இல்லை. முயன்று தோற்று மீள்வது மிச்சமாகிறது. இதை எல்லாப் பலகைகளுக்கும் இயல்பாக்கும் மாற்றம் 2021 பிப்ரவரியில் ஒருமுறை பின்வாங்கப்பட்டது. எத்தனையோ பலகைகளின் டிவைஸ் ட்ரீக்களில் யாரும் கவனிக்காத தவறான சார்புகள் இருந்தன. அதுவரை அவை வெறும் எழுத்தாக இருந்தன, இப்போது கெர்னல் அவற்றை நம்பிக் காத்திருக்கத் தொடங்கிவிட்டது. திருத்தங்களுக்குப் பின் அதே ஆண்டின் 5.13 பதிப்பில் இயல்புநிலையாயிற்று. இயக்கியே இல்லாத வழங்குபவருக்காகக் காத்திருப்பதைக் கைவிட ஒரு காலவரம்பும் கெர்னலில் உண்டு.

சுற்றுச் சார்பு

ஒன்று மற்றொன்றை நம்பி, அதுவும் இதையே நம்பினால் என்ன ஆகும்? மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற எந்த அனல்மின் நிலையத்திலும் இக்கேள்வி உண்டு. நிலக்கரியை அரைக்கவும், கொதிகலனுக்கு நீர் ஏற்றவும், காற்று ஊதவும் மின்சாரம் வேண்டும். அதைத் தயாரிப்பதோ அந்நிலையமே. மின்வலையமைப்பு முழுதும் இருண்டுபோனால் அனல்மின் நிலையம் தானாக எழ முடியாது. பொதுவாக நீர்மின் நிலையம் ஒன்றைச் சிறிய டீசல் ஜெனரேட்டரின் துணையோடு முதலில் எழுப்பி, அங்கிருந்து அனல்மின் நிலையத்துக்குத் தொடக்க மின்சாரம் கொண்டுபோவார்கள். சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுத்தால்தான் வழி பிறக்கும்.

அலைபேசிச் சில்லுகளில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு உள்ளது. திரைக்கான கடிகாரக் கட்டுப்படுத்தி, திரையின் இணைப்பு மின்சுற்றிலிருந்து வரும் துடிப்பை உள்ளீடாகப் பெறுகிறது. அந்த இணைப்பு மின்சுற்று இயங்கவோ கடிகாரக் கட்டுப்படுத்தியிலிருந்து ஒரு துடிப்பு வேண்டும். உண்மையில் இங்கே இருப்பது முரண்பாடு அன்று. கட்டுப்படுத்தி எழுவதற்கு அந்த உள்ளீடு தேவையில்லை, பின்னர் திரைக்குத் துடிப்பு வழங்கும்போதுதான் தேவை. 'தொடங்கத் தேவை', 'பயன்படுத்தத் தேவை' என்ற வேறுபாட்டை டிவைஸ் ட்ரீ சொல்வதில்லை. எஃப்டபிள்யூ_டெவ்லிங்க் சுற்றைக் கண்டால், அதில் உள்ள இணைப்புகளைத் தளர்த்தி, இரு இயக்கிகளும் பழைய முறையில் முயன்று பார்த்துக்கொள்ள விட்டுவிடுகிறது. 2024-இல் சேர்ந்த 'போஸ்ட்-இனிட்-புரொவைடர்ஸ்' என்ற பண்பு, இன்னின்ன வழங்குபவர்கள் தொடக்கத்துக்குப் பின்னரே தேவை என்று டிவைஸ் ட்ரீயிலேயே எழுத இடம் தருகிறது.

எழுந்த பின்னும் முடியாத கதை

பூட்லோடர் சில மின்சார, கடிகார வழிகளைத் திறந்துவைத்துவிட்டுக் கெர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். யாரும் கேட்காத வழிகளை மூடி மின்சாரத்தைச் சேமிப்பது கெர்னலின் வழக்கம். எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று குறிக்கப்படாத, உரிமை கோரப்படாத சீராக்கிகளைத் தொடக்கம் முடிந்த சுமார் 30 நொடிக்குப் பின் அது அணைத்துவிடுகிறது. ரிலே இயக்கி மாட்யூலாக இருந்து, மெதுவான நினைவக அட்டையிலிருந்து 40-ஆவது நொடியில்தான் ஏற்றப்பட்டால், இடையில் ரிலேவுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டு மீளும். 'சிங்க்_ஸ்டேட்' என்ற பின்னழைப்பு இத்தகைய சிக்கலுக்காகவே வந்தது: பெறுபவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகே வழங்குபவருக்குச் செய்தி போகும், அதன் பிறகு அவர் மிச்சத்தை அணைக்கலாம். எல்லா வகை இயக்கிகளும் இன்னும் இதைப் பயன்படுத்துவதில்லை. உட்பொதி அமைப்பை வடிவமைப்பவர் தம் பலகையின் சீராக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வதே பாதுகாப்பு.

வரிசை நெகிழ்வானதன் இன்னொரு விலை, பெயர்கள் மாறுவது. பெட்டியில் இரண்டு யூஎஸ்பி-சீரியல் மாற்றிகள் இருக்கின்றன. ஒன்று ஆர்எஸ்-485 வழியே விசிறியின் வேகக் கட்டுப்படுத்தியோடு பேசுகிறது, மற்றது தீவன எடைத் தராசோடு. எது முதலில் கண்டறியப்படுகிறதோ அதற்கு எண் 0, மற்றதற்கு 1. மறுதொடக்கத்தில் இவை இடம் மாறினால், விசிறிக்கான கட்டளை தராசுக்குப் போகும். இயக்கிகள் அனைத்தும் பிழையின்றி எழுந்தும் விசிறி நிற்கும். யூடெவ் உருவாக்கித் தரும், செருகியிருக்கும் துளையைக் கொண்டு அமைந்த நிலையான பெயர்களைப் பயன்பாட்டு நிரலில் எழுதுவதே இதற்கு முறை.

வரிசைக்குள் அடங்காதவை

குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி, நேரங்காட்டி போன்ற அடித்தளச் சாதனங்கள், மேலே சொன்ன இயக்கி மாதிரி உருவாகும் முன்பே எழ வேண்டியவை. இவற்றுக்குத் தள்ளிவைக்கும் வசதி கிடையாது. ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பின் வரலாற்றில் இதற்கு அண்மைய சான்று உண்டு. அதன் 'பிளிக்' எனும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியின் இயக்கி 2024-இல் சாதாரண இயக்கியாக மாற்றி எழுதப்பட்டது. பெரும்பாலான பலகைகள் ஒழுங்காக ஓடின. ஆல்வின்னர் டி1 சில்லு கொண்டவை எழவில்லை. அவற்றின் நேரங்காட்டி பிளிக்கை நம்பியிருந்தது, அதுவோ இப்போது தாமதமாக எழுந்தது. டி1-க்கு மட்டும் பழையபடி முன்கூட்டியே எழுப்பும் திருத்தம் அதே ஆண்டு சேர்க்கப்பட்டது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் இதே ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2018-இல் சக்தி சில்லில் லினக்ஸ் ஓடியது. இத்தகைய புதிய சில்லுக்குப் பலகை வடிவமைப்பவர்கள், டிவைஸ் ட்ரீயைத் தொடக்கத்திலிருந்தே தாமே எழுத வேண்டியிருப்பதால், சார்புகளைச் சரியாகக் குறிப்பது அவர்கள் கையிலேயே இருக்கிறது.

மற்ற இயங்குதளங்களும் இதே சிக்கலை வேறு வகையில் தீர்க்கின்றன. விண்டோஸ், பூட், சிஸ்டம், ஆட்டோ, டிமாண்ட் என்ற தொடக்க வகைகளையும் ஏற்றக் குழுக்களையும் பதிவகத்தில் வைத்திருக்கிறது. செருகி இயக்கும் சாதனங்களில் தாய் எழுந்த பிறகே சேய் எண்ணப்படும். மடிக்கணினிகளில் உள்ள ஏசிபிஐ அட்டவணையில் '_டெப்' என்ற குறிப்பு, ஒரு சாதனம் எவற்றை நம்பியிருக்கிறது என்று சொல்கிறது.

கொட்டகைப் பெட்டியை வடிவமைக்கும் பொறியாளர் இவற்றையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒன்றைக் கெர்னலிடம் விடுவதில்லை. விசிறியின் ரிலேயில் பொதுவாக மூடியிருக்கும் தொடுமுனையைப் பயன்படுத்தி இணைத்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி உயிரற்றுக் கிடக்கும்போது விசிறி ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்துவதற்குத்தான் மென்பொருள் வேண்டியிருக்கும். பெட்டி எழுவதற்கு 10 நொடி ஆனாலும் 10 நிமிடம் ஆனாலும், ஜெனரேட்டர் ஓடும் வரை காற்றும் ஓடும்.